கோதுமைக் கதிர் முத்திரையும் அத்தையின் மூக்கும்

எங்கள் வீட்டுப் பின்கட்டில், குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு செம்பு பாய்லர் நிற்கிறது. நடுவில் புகைக்குழாய், அடியில் கம்பித் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். 25 லிட்டர் பிடிக்கும். அத்தையின் கல்யாணச் சீரோடு மீஞ்சூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்ததாம். தண்டையார்பேட்டையில் வெந்நீர் எதற்கு என்று சிரிப்பவர்கள் எல்லோரும் மே மாதத்தில்தான் சிரிக்கிறார்கள். மார்கழி விடியற்காலையில், 76 வயது முட்டிகளை வைத்துக்கொண்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த பாய்லருக்குத் தீனி, சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் பேலட் கட்டைகள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மேலே பலகைகள், கீழே பலகைகள், நடுவில் ஃபோர்க்லிப்டின் இரண்டு கைகள் நுழைய இடைவெளி. அவ்வளவுதான் பேலட். பழைய ஆட்கள் இந்த மரத்தை ஜாதிக்காய்ப் பலகை என்பார்கள். அத்தை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்.

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் 22 வருடம் ஆவணங்கள் தட்டச்சு செய்திருக்கிறேன். மரத்தாலான பேக்கிங் ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி பதப்படுத்தப்பட்டது என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ. அந்த வரிக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள வீட்டுக்குள் வெள்ளம் வர வேண்டியிருந்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி இரவு முழுக்கக் கொட்டியது. 4ஆம் தேதி காலையில் கேப்டன் காட்டன் கால்வாய் எங்கே முடிகிறது, எங்கள் தெரு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மழை வருமென்று என் வீட்டுக்காரர் முன்கூட்டியே ரசாயன ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கம் வேலை செய்யும் நண்பரிடம் சொல்லி இரண்டு பேலட் வாங்கி வந்து, ஒன்றின் மேல் பிரிட்ஜையும் இன்னொன்றின் மேல் அரிசி மூட்டையையும் ஏற்றிவைத்திருந்தார். பிரிட்ஜ் பிழைத்தது. மின்சாரம் நான்கு நாட்கள் இல்லாததால் அது பிழைத்து ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் சிலிண்டர் தீர்ந்தது. கூப்பிட போனில் சார்ஜ் இல்லை; இருந்தாலும் முழங்கால் தண்ணீரில் யார் கொண்டுவந்து தருவார்கள்? அத்தை மொட்டை மாடிப் படிக்கட்டின் மேல் கூரைக்கடியில் மூன்று செங்கல் வைத்தார். “அந்த ஜாதிக்காய்ப் பலகையை உடைத்துக் கொண்டு வாருங்கள்” என்றார். அரிசியை மாடிக்கு ஏற்றிவிட்டு, அது இருந்த பேலட்டை உடைத்தோம். நனையாத மேல்பலகை சட்டென்று பற்றிக்கொண்டது, பருப்புக் கடைந்து ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டோம். மறுநாள் பிரிட்ஜுக்கு அடியில் இருந்ததையும் உருவினோம்.

அதன் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் போல ஒரு கறை. வெள்ளத் தண்ணீரில் எல்லாமே கறையாக இருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த சில நிமிடங்களில் ஒரு வாடை கிளம்பியது. பூச்சிமருந்துக் கடையில் நுழைந்தால் மூக்கின் உச்சியில் குத்துமே, அந்த வகை. கண் எரிந்தது. என் மகள் இருமத் தொடங்கினாள். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் எரியும் கட்டைகளை இடுக்கியால் எடுத்துத் தெருத் தண்ணீரில் எறிந்தார். பிறகு சோற்றுப் பானையைத் தூக்கினார். “மூடிதானே இருந்தது, அத்தை” என்றேன். “அரை மூடிதான்” என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு ஆழாக்கு அரிசி, அதுவும் வெள்ளத்தில், அப்படியே போயிற்று. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மதியம் முழுக்கப் பிஸ்கட் தின்றோம்.

அந்தக் கட்டையில் என்ன சிந்தியிருந்தது என்பது கடைசி வரை தெரியவில்லை. வெள்ளம் வடிந்து தெருவில் சேறு வாரும்போது, எரியாத துண்டு ஒன்று சாக்கடை ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. பக்கவாட்டில் சூடு போட்டது போல ஒரு முத்திரை: ஒரு கட்டம், இடது பக்கம் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம், வலது பக்கம் ஐ.என்., ஒரு எண், ஹெச்.டி. நான் 22 வருடமாகத் தட்டச்சு செய்த அதே விஷயம், சேற்றில்.

அந்த முத்திரை எதற்கு என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். மரத்துக்குள் பூச்சிகள் பயணம் செய்கின்றன. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மரங்களில் ஆசியாவைச் சேர்ந்த நீண்ட கொம்பு வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சரக்குப் பெட்டியின் மரத்தோடு வந்திறங்கியதாகத்தான் கணக்கு. மரம் மரமாக வெட்டிச் சாய்த்தார்கள். இம்மாதிரி வண்டும் புழுவும் நாடு விட்டு நாடு போகக் கூடாது என்பதற்காக 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி வந்தது. ஏற்றுமதிக்குப் போகும் பேலட் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, குறைந்தது 30 நிமிடம் நிற்க வேண்டும். அதுதான் ஹெச்.டி. இன்னொரு வழி, மீதைல் புரோமைடு வாயுவால் புகையூட்டுவது. முத்திரையில் எம்.பி. என்றிருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு அது. ஐரோப்பிய நாடுகள் 2010இல் தங்கள் எல்லைக்குள் அதை நிறுத்திவிட்டன. டி.பி. என்ற எழுத்து இருந்தால் பட்டை உரித்த மரம் என்று பொருள். முன்னால் இருக்கும் இரண்டு எழுத்து நாடு. ஐ.என். நம்முடையது, சி.என். சீனா, டி.இ. ஜெர்மனி.

ஆக, ஹெச்.டி. போட்ட மரத்தில் மருந்து இல்லை, சூடு மட்டும்தான். இணையத்தில் எல்லோரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்: ஹெச்.டி. என்றால் எரி, எம்.பி. என்றால் எரிக்காதே. எம்.பி. முத்திரை உள்ளதை நானும் தொடுவதில்லை. ஆனால் எங்கள் சோற்றைக் கெடுத்த கட்டையும் ஹெச்.டி.தானே? முத்திரை அந்த மரம் பிறந்தபோது போட்ட தடுப்பூசிச் சான்று. அதற்குப் பிறகு அது எந்தக் கிடங்கில் கிடந்தது, அதன் மேல் எந்தப் பீப்பாய் ஒழுகியது என்று கோதுமைக் கதிருக்கு எப்படித் தெரியும்? பைன் மாதிரியான மென்மரம் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். மணலி போன்ற ஊரில், ரசாயனம் சுமக்காத பேலட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் இப்போது நான் மரத்தைக் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறேன். சாத்தாங்காடு போகும் வழியில் உடைந்த பேலட் விற்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். முதல் முறை போனபோது, “எதைச் சுமந்து வந்தது, அண்ணே?” என்றேன். அவர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார். விறகுக்கு என்றதும்தான் முகம் தெளிந்தது. டைல்ஸ் இறக்கிய பேலட், காகிதச் சுருள் வந்த பேலட், கண்ணாடி வந்த பேலட் ஆகியவற்றைத் தனியாக எடுத்துவைப்பதாகச் சொன்னார். சொன்னபடி வைக்கிறார். உடைந்தது ஒன்று 40 ரூபாய். ட்ரை சைக்கிள் கூலி தனி, அது பல நாள் மரத்தின் விலையை விட அதிகம்.

அவர் தந்தாலும் நான் வாங்காதவை உண்டு. நீல வண்ணம் பூசிய பேலட்டுகள் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து, அவற்றை எரிப்பது பெயிண்டை எரிப்பது மட்டுமல்ல, திருட்டும்கூட. பலகைகளுக்கு நடுவே இருக்கும் சதுரக் கட்டை சில பேலட்டுகளில் மரமே இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய கட்டி. அதையும் ஒட்டுப்பலகையையும் பிய்த்து ஒதுக்கிவிடுவேன், பசை எரிந்தால் வரும் புகை பொல்லாதது. இலேசாகப் பச்சை ஓடிய கட்டை என்றால் அதில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றியிருக்கலாம். ஆர்சனிக் எரிந்து போய்விடாது, சாம்பலில் உட்கார்ந்துகொள்ளும். காசிமேட்டிலிருந்து ஒருவர் பழைய படகுப் பலகை தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மேலே பெயிண்ட், உள்ளே உப்பு. உப்பில் ஊறிய மரத்தை எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன, இரும்புத் தட்டும் சீக்கிரம் அரித்துப்போகும்.

இனி உடைக்கும் கதை. பேலட்டை எரிப்பது சுலபம், பிரிப்பதுதான் வேலை. அதில் அடிக்கும் ஆணியின் உடம்பில் முறுக்கோ வளையமோ இருக்கும், உள்ளே போனால் திரும்பி வர மனம் இல்லாத ஆணி. முதல் பேலட்டைக் கடப்பாரை போட்டு நெம்பி, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையையும் என் வலது தோளையும் தொலைத்தேன். பிறகு எங்கள் தெருத் தச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆணியோடு ஏன் சண்டை போடுகிறீர்கள்? ஆணி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் அறுங்கள்.” அப்படியே செய்கிறேன். நடுப்பலகைகள் ஆணியில்லாமல் சுத்தமாக வந்துவிடும். அவற்றைச் சாண் நீளத்துக்கு அறுத்து, கொடுவாளால் இரண்டு விரல் அகலத்துக்குப் பிளந்தால் பாய்லர் வாய்க்கு அளவாக இருக்கும். ஆணி உள்ள கட்டைகளைத் தனி மூட்டையில் போட்டு, அவற்றை எரிக்கும் நாளில் மட்டும் சாம்பலைத் தனியாக அள்ளுவேன்.

சாம்பலில்தான் எனக்கும் அத்தைக்கும் பெரிய சண்டை வந்தது. பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும் என்று வளர்ந்தவர் அவர். நான் சாம்பலைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்து, “சோப்புக்காரனுக்குச் சம்பாதித்துக் கொடு” என்றார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சாம்பலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். ஆணிகள் ஒட்டி, முள்ளம்பன்றி போல எழுந்து வந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சவுக்குச் சாம்பலைத் தனியாக வைத்தால் மட்டும் தனக்குப் போதும் என்று உடன்பட்டார். அதற்காகவே வாரம் ஒருமுறை சவுக்கு எரிக்கிறோம். குடும்பம் என்றால் இப்படித்தான் ஓடுகிறது.

சவுக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீஞ்சூர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். விறகுத் தொட்டியில் எடை போட்டு வாங்கும் சவுக்குக் கட்டை கனமானது, நிதானமாக எரியும், அணைந்த பிறகும் தணல் கிடக்கும். அந்தத் தணலில் ஒரு அண்டா பால் காய்ச்சலாம். பேலட் மரம் அதற்கு நேரெதிர். காகிதம் போலப் பற்றும், ஜ்வாலை உயரும், பத்து நிமிடத்தில் ஒன்றும் இருக்காது. “கல்யாண வீட்டு வாசல் வரை வந்து மொய் எழுதாமல் போகிறவன் மாதிரி” என்பது அத்தையின் தீர்ப்பு. பாய்லருக்கு அது குறையில்லை. வெந்நீருக்குத் தணல் வேண்டாம், ஜ்வாலைதான் வேண்டும். ஆனால் ஒரேயடியாக நிறையப் போட்டால் காற்றுப் போதாமல் கரும்புகை கக்கும், குழாய்க்குள் கீல் போலப் படியும். இரண்டிரண்டு சிராயாக, பேரக்குழந்தைக்கு ஊட்டுவது போலப் போட வேண்டும். மாதம் ஒருமுறை குழாயைத் தேங்காய் மட்டையால் துடைக்கிறேன்.

ஈரம் இன்னொரு எதிரி. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் இன்னும் வெயில் காட்ட வேண்டும். எரியும் கட்டையின் முனையில் நுரை கட்டிச் சீறினால் நெருப்பு தண்ணீரைக் காய்ச்சுகிறது, பாய்லரில் இருக்கும் தண்ணீரை அல்ல. ஐப்பசிக்கு முன்பே படிக்கட்டுக்கு அடியில், தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் அடுக்கிவிடுகிறேன். முதல் வருடம் தரையிலேயே அடுக்கினேன், கரையான் வந்தது. 56 டிகிரி சூடு காட்டியது கப்பலில் போகும் பூச்சிக்குத்தான். தண்டையார்பேட்டைக் கரையானுக்கு அந்த முத்திரையின் மேல் எந்த மரியாதையும் இல்லை.

லாபம் உண்டா என்று கேட்கிறார்கள். கணக்கு எனக்குப் பழக்கம், போட்டுப் பார்த்தேன். 25 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி ஏற்ற 1,000 கிலோகலோரி வேண்டும். நன்றாகக் காய்ந்த மரம் கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 தரும். எங்கள் பாய்லர் அதில் கால் பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே பெரிது, மீதி புகைக்குழாய் வழியாக வானத்துக்கு. ஆக, ஒரு குளியலுக்கு ஒரு கிலோ மரம். தராசில் நிறுத்துப் பார்த்ததில் ஒன்றேகால் கிலோ ஆகிறது. 20 கிலோ பேலட் ஒன்று பதினாறு நாள் ஓடும். இதே வேலையை மின்சார ஹீட்டர் ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட்டில் முடித்துவிடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கும் ஊரில் இதைச் சிக்கனம் என்று சொன்னால் என் கணக்குப் புத்தகமே என்னைப் பார்த்துச் சிரிக்கும். என் ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போட்டால் நஷ்டம்தான். மாடியில் ஹீட்டர் இருக்கிறது, நானும் பிள்ளைகளும் அதில்தான் குளிக்கிறோம். பாய்லர், அத்தை படி ஏற முடியாததால் கீழே இருக்கிறது. டிசம்பரில் மின்சாரம் போனால் எங்களுக்கும் அதுதான் கதி.

புகை என் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. எங்கள் பகுதி புகையையும் தூசியையும் பற்றித் தெரியாத பகுதி அல்ல. நான் வேலைக்குப் போன காலத்தில் ராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். துறைமுகத்து நிலக்கரித் தூசி அது. 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாள்வதை நிறுத்தி எண்ணூருக்கு அனுப்பியது. எங்கள் சட்டை வெளுத்தது, எண்ணூர்க்காரர்கள் சட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் என் குழாயிலிருந்தும் கொஞ்சம் சேர வேண்டுமா என்று மேல்வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் துணி காயப்போடுவதற்கு முன், ஐந்தரை மணிக்கே மூட்டி ஆறுக்குள் அணைத்துவிடுகிறேன். காய்ந்த கட்டையும் சின்ன நெருப்பும் இருந்தால் முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு குழாய் உச்சியில் கானல் மட்டும்தான் நெளியும். இது பதில் ஆகாது, சமாதானம்தான் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்துச் சமாளிக்கிறேன்.

போகிக்கு முந்தின நாள் தெருப் பையன்கள் வந்து, ஒதுக்கிவைத்த பேலட்டுகளை நெருப்புக்குக் கேட்பார்கள். கொடுப்பதில்லை. கொடுத்தால், டயர் ஒன்று குறைந்து அந்த இடத்தில் பெயிண்ட் பலகை ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒதுக்கியவற்றில் ஒன்று தண்ணீர் டிரம்முக்கு மேடையாக இருக்கிறது. இன்னொன்றில் மணி பிளான்ட்.

போன வாரம் அந்த அண்ணன் ஒரு அருமையான பேலட் அனுப்பினார். வெளிர் மஞ்சள் பைன், கறை இல்லை, டி.இ., ஹெச்.டி. ஜெர்மனி. முத்திரை நன்றாகவே இருக்கிறது, அறுக்கலாமா என்று அத்தையிடம் காட்டினேன். அவருக்கு இப்போது கண்ணில் புரை. முத்திரையைப் பார்க்கவே இல்லை. பலகையை மடியில் போட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பூ முகர்வது போல முகர்ந்தார்.

“எந்த ஊர் என்றாய்?”

“ஜெர்மனி, அத்தை.”

“ஜெர்மனியில் கருவாடு போடுகிறார்களா?”

நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். டைல்ஸ் இறக்கிய பிறகு இரண்டு மாதம் காசிமேட்டில் ஒரு ஐஸ் கிடங்கில் கிடந்ததாம், மீன் கூடைகளுக்கு அடியில். அந்த பேலட் இப்போது பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிறது.